எலியா கிண்டிய பூச்சி மாவு

ஓடைப்பாலத்தின் நடுவில் வந்த பிறகுதான் எலியாவுக்கு அது உறைத்தது. கையில் தொங்குகிற தூக்குவாளிக்குள் இருப்பதைப் பார்த்தால் யாரும் பசை என்றுதான் சொல்வார்கள்.

திரும்பிப் போக வழியில்லை. பாலத்துக்கு அக்கரையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் அவனைப் பார்த்துவிட்டார்கள். நேரே போனால் ஒருவேளை விடுவார்கள். திரும்பினால் விடவே மாட்டார்கள். எலியா நேரே போனான். கால்தான் போயிற்று. உயிர் பாலத்தின் நடுவிலேயே நின்றுகொண்டது.

அது ஐம்பத்துநாலாம் வருஷத்தின் கடைசி. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மலையாள ராஜ்யத்தில் இருந்த விளவங்கோடு முதலான தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று கேட்டவர்களில் பாதிப்பேர் ஜெயிலில் இருந்தார்கள். மீதிப்பேர் எங்கே இருந்தார்கள் என்பது அவர்களுடைய பெண்டாட்டிகளுக்கே தெரியாது. ஆனாலும் பாறசாலைச் சந்தை மதிலிலும், ரயில் நிலையத்துக்குப் போகிற வழியிலும், கள்ளுக்கடைக் கதவிலும் விடிகிறபோது போஸ்டர் இருந்தது. ஒட்டுகிறவன் அகப்படவில்லை. அதனால் போலீஸ் பசையைத் தேட ஆரம்பித்தது.

கொல்லயிலில் எலியாவுக்கு அடுத்த வீடு பொன்னுதாஸ் வீடு. அவன் அடுப்படியில், வேட்டிக்குப் போடுவதற்கு வைத்திருந்த கஞ்சிப்பசை ஒரு சட்டி இருந்தது. சட்டியையும் அவனையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது பொன்னுதாஸ் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நடந்தான். சட்டி திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து கொல்லயிலில் ஒருத்தரும் துணிக்குக் கஞ்சி போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகரின் வெள்ளை அங்கிகூட அழுத பிள்ளையின் முகம் போலச் சுருங்கித்தான் இருந்தது. விறைப்பான சட்டை ஒன்று தெருவில் வந்தால் ஜனங்கள் விலகி நடந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் எலியாவின் பெண்டாட்டி ராஜபாயின் பாலர் வகுப்புக்குப் பூச்சிப் பாடம் வந்தது.

ராஜபாய் ஓடைக்கு அந்தப் பக்கத்து மிஷன் பள்ளியில் டீச்சர். நாகர்கோவிலில் புதுமுறைப் பயிற்சி முடித்தவள். சின்னப் பிள்ளை கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட்டு, பிசைந்து, உருட்டிப் படிக்கவேண்டும் என்பது அந்தப் பயிற்சி. வியாழக்கிழமை பள்ளி இன்ஸ்பெக்டரம்மா வருகிறார்கள், புதுமுறை நடக்காவிட்டால் பாலர் வகுப்பையே மூடிவிடுவார்கள் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். களிமண் கொடுத்துப் பார்த்தாள். பிள்ளைகள் பாதி மண்ணைத் தின்றுவிட்டன. ஆகவே மரச்சீனிக் கிழங்கு மாவு. வெந்நீரில் கொட்டிக் கிண்டி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுப் பிசைந்தால் பிள்ளைக் கைக்கு இதமாக இருக்கும். தின்றாலும் பாதகமில்லை.

ராஜபாய் விடியும்போதே புறப்பட்டு வீடுவீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கூப்பிடாமல் எந்தப் பிள்ளையும் பாலர் வகுப்புக்கு வருவதில்லை. அதனால் மாவு கிண்டுவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் எலியாவின் தலையில் விழுந்தது. அவன் தென்னந்தோப்புகளில் மரத்தைச் சுற்றிக் கூலிக்குத் தடம் வெட்டுகிறவன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை பிசைவதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆள்தான் பயந்தவன். தோப்பில் ஓலை விழுந்தாலே கர்த்தரைக் கூப்பிடுவான்.

"எடா, நில்லு!"

கத்தியவர் வேலாயுதன் ஏட்டு. அவரைப் பற்றிச் சந்தையில் நிறையப் பேசிக்கொண்டார்கள். வடக்கே எங்கேயோ இருந்து வந்தவர், தமிழ் அவர் வாயில் வராது, யாராவது தமிழில் பதில் சொன்னால் காதிலும் ஏறாது, கையில்தான் ஏறும் என்று சொன்னார்கள். மீசை, ஓணானைப் பிடித்து மூக்குக்குக் கீழே ஒட்டியதுபோல இருந்தது. பக்கத்தில் துப்பாக்கியோடு ஓர் இளம் போலீஸ்காரன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"எந்தாடா இதில்?"

"பூச்சி, ஏமானே."

"பூச்சியோ?"

"இல்ல ஏமானே. பூச்சி இன்னும் ஆகல்ல. இனிமேத்தான் ஆகும். இப்ப மாவாக்கும்."

ஏட்டு மூடியைத் திறந்தார். வெள்ளைவெளேரென்று, இளஞ்சூட்டோடு மாவு பளபளத்தது. ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்தார். கட்டைவிரலோடு சேர்த்து அமுக்கினார். பிறகு பிரிக்கப் பார்த்தார். விரல்கள் லேசில் பிரியவில்லை.

"பச!" என்றார்.

எலியாவின் குதிகால்கள் தாமாகவே தரையை விட்டு எழும்பின.

"பசை இல்ல ஏமானே! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக்கும். வண்டு, உறும்பு, பாச்சை எல்லாம் செய்யதுக்கு. எனக்கப் பெண்டாட்டி டீச்சராக்கும். போதகர்கிட்டக் கேட்டுப் பாருங்க. கர்த்தராணை ஏமானே!"

ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டு மலையாளத்தில் விசாரணையை ஆரம்பித்தார். எவ்வளவு மாவு, எவ்வளவு வெள்ளம், எவ்வளவு நேரம் கிண்டினாய், தீ பெரிதா சிறிதா, கட்டி தட்டாமல் எப்படி வந்தது? எலியா பயத்தில் ஒன்றையும் மறைக்கவில்லை. முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிறகு வெந்நீரில் ஊற்றினால் கட்டி தட்டாது என்பதுவரை சொன்னான். சொல்லச் சொல்ல, தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பதுபோல இருந்தது.

கடைசியில் ஏட்டு மாவில் சரிபாதியைப் பிய்த்தார். வாழையிலையில் வைத்து, நான்கு பக்கமும் மடித்து, நாரால் கட்டிப் பெஞ்சுக்கு அடியில் நிழலில் வைத்தார். இதைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கப் போவதாகச் சொன்னார். அதுவரை எலியா ஊரை விட்டு எங்கும் போகக்கூடாது. தினமும் இந்த வழியாகத்தான் போகவேண்டும், வாளியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். வேறு வழியில் போனதாகத் தெரிந்தால் அன்றைக்கே உள்ளே.

"மனசிலாயோ?"

"மனசிலாயி ஏமானே."

மீதி மாவோடு எலியா பள்ளிக்கு ஓடினான். அங்கே ராஜபாய், செத்துப்போன கொம்பன் வண்டு ஒன்றைப் பலா இலையில் வைத்துப் பிள்ளைகளிடம் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் தொட்டுப் பாருங்க. முதுகு எப்படி இருக்கு?"

"தேங்காச் சிரட்டை மாதிரி, டீச்சரே!"

"காலு?"

"முள்ளு! முள்ளு!"

"எத்தனை காலு?"

"ஆறு!"

"எங்க வீட்டு வண்டுக்கு அஞ்சாக்கும் டீச்சரே," என்றது சரோஜம் என்ற பெண்பிள்ளை. "ஒண்ணை நான் பிச்சாச்சு."

மாவைக் கொடுத்ததும் பிள்ளைகள் அதில் கையை விட்டன. அமுக்கின, உருட்டின, முகர்ந்தன, நக்கின. கண்ணை மூடிக்கொண்டு வண்டின் முதுகைத் தடவி, அதேபோல மாவின் முதுகையும் வழவழப்பாக்கின. ஈர்க்குச்சியை ஒடித்துக் காலாகக் குத்தின. ராஜபாயின் முகம் விளக்குப்போல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எலியாவின் முகம் அணைந்துபோய் இருந்தது.

"எட்டி, நாளைக்கு வேண்டாம்," என்றான் சாயங்காலம். "ஏட்டு பாதி மாவை எடுத்து வைச்சிருக்காரு. திருவனந்தபுரத்துக்கு அனுப்பப் போறாராம்."

"அனுப்பட்டு. மரச்சீனி மாவுன்னு எழுதித் தருவாவ."

"பசைன்னு எழுதினா?"

"வெள்ளையா இருக்கதுனாலத்தானே பசைன்னு நினைக்காரு? மஞ்சள் போட்டுக் கிண்டுங்க. மஞ்சப் பசை உலகத்துல எங்கயாவது உண்டா?"

அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை எலியா கைநிறைய மஞ்சள்பொடி போட்டுக் கிண்டினான். மாவு கல்யாண வீட்டு வாசல்போல ஆயிற்று. ஏட்டு மூடியைத் திறந்தார். நெற்றியைச் சுருக்கினார். ஒரு துண்டை எடுத்துப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் அப்பிப் பார்த்தார். அது அங்கேயே நின்றது. 

"எந்தினாடா மஞ்ஞள்?"

"அழகுக்கு, ஏமானே."

ஏட்டு விரலை முகர்ந்து பார்த்தார். சரிபாதியை வாழையிலையில் கட்டிவிட்டு, போகும்படி கையைக் காட்டினார். அடிக்காமல் விட்டது எலியாவுக்கு அடியைவிடப் பயமாக இருந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் மஞ்சள் தும்பியும் மஞ்சள் பாச்சையும் செய்தன. ராஜபாய் மட்டும் சந்தோஷமாகத் தூங்கினாள்.

புதன்கிழமை விடிகிறபோது எலியா சதாசிவனின் சாயாக்கடைக்குப் போனான். கடையில் எல்லாரும் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் மதிலில் புதுப் போஸ்டர். தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லும் அதே போஸ்டர்தான். ஆனால் அதன் நாலு ஓரத்திலும் மஞ்சள் வழிந்திருந்தது.

"பாத்தியா எலியா?" என்றான் சதாசிவன். "மஞ்சப் பசையாக்கும். கல்யாணப் பத்திரிகை கணக்கா ஒட்டியிருக்கானுவ. போலீஸ் இனிச் சட்டியெல்லாம் தேடாது கேட்டியா. மஞ்சக் கையுள்ள ஆளைத்தான் தேடும்."

எலியா தன் கையைப் பார்த்தான். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை மஞ்சள். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டான்.

"சாயா ஆறுது, எடு."

"அங்கேயே வை."

"கையில எடுக்க மாட்டியா?"

"குளிருது."

குளிரவே இல்லை. எலியா பெஞ்சுக்கு முன்னால் குனிந்து, கன்றுக்குட்டி தொட்டியில் குடிப்பதுபோல வாயை வைத்துச் சாயாவை உறிஞ்சினான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் யார் எதை எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

வீட்டுக்கு ஓடி வந்தான். ராஜபாய் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது.

"எட்டி, உண்மையைச் சொல்லு. பள்ளியில மிச்ச மாவை என்ன செய்யுதா? நீயா போஸ்டர் ஒட்டுதா?"

"எனக்கு ஒட்டத் தெரிஞ்சா முதல்ல உங்க வாயை ஒட்டியிருப்பேன்."

"பின்ன ஆரு? ஹெட்மாஸ்டரா?"

"அவருக்கு மதில் வரைக்கும் நடக்கவே மூச்சு வாங்கும். ஆயா சரசம்மா மிச்ச மாவைக் கோழிக்குப் போடுகா. கோழி போய் ஒட்டுகோ என்னமோ!"

"விளையாடாதே. எனக்கக் கால் போயிரும்."

அவன் குரல் உடைந்ததைக் கேட்டு ராஜபாய் பையைக் கீழே வைத்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"இண்ணைக்கு ஒரு துளி மிச்சம் வைக்காம எல்லாத்தையும் நானே எண்ணி எடுத்துட்டு வாறேன். நீங்க மஞ்சளை விட்டுட்டு சிரட்டைக் கரி போடுங்க. கரி போட்ட பசையை எந்தக் கிறுக்கன் ஒட்டுவான்? போஸ்டர் கடலாசெல்லாம் கறையாயிருமே."

எலியா புளி போட்டுத் தேய்த்துக் கையின் மஞ்சளைப் போக்கினான். பிறகு கரி போட்டுக் கிண்டியதில் கை கறுப்பாயிற்று. ஏட்டு மூடியைத் திறந்து, கறுப்பு மாவைப் பார்த்து, எலியாவை வெகுநேரம் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டே பாதியை வாழையிலையில் கட்டினார்.

அன்று ராஜபாய் சொன்னபடியே செய்தாள். எல்லா எறும்பும் எல்லா வண்டும் சாயங்காலம் பையில் வீடு வந்து சேர்ந்தன. எலியா அவற்றைத் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்து, மேலே கல்லும் வைத்தான்.

வியாழக்கிழமை விடிந்தது. சந்தை மதிலில் போஸ்டர் இருந்தது. ஓரமெல்லாம் கறுப்பு விரல் அடையாளம்.

எலியா இந்தத் தடவை சாயாக்கடைக்குள்ளேயே ஏறவில்லை. சதாசிவன்தான் வெளியே வந்து மெதுவாகச் சொன்னான்: "டிஎஸ்பி வாறாராம், எலியா. விரல் அடையாளம் பாக்கதுக்கு. கொல்லயில் பக்கத்துல உள்ள அத்தனை பேருக்க கையையும் பாக்கப் போறாவ. நீ எதுக்கு இப்படி வேர்க்குதா?"

வீட்டில் எலியா தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் போகல்ல. இண்ணைக்கு என்னைக் கொன்னாலும் போகல்ல."

"இண்ணைக்காக்கும் இன்ஸ்பெக்டரம்மா வாறது," என்றாள் ராஜபாய். "மாவு வரல்லேன்னா வகுப்பு போச்சு. இத்தனை பிள்ளைகளும் நாளைக்கு எங்கே போகும்? நீங்க போகாம இருந்தாலும் ஏட்டு தேடி வருவாரே? தினமும் வரணும்னு சொல்லியிருக்காரே?"

அது உண்மை. போனால் பிடிப்பார்கள். போகாவிட்டால் வந்து பிடிப்பார்கள்.

"அப்ப மாவா கொண்டு போகாதீங்க," என்றாள் ராஜபாய். "இங்கேயே வண்டா உருட்டிருங்க. உடம்பும் கொம்பும் மட்டும் போதும், காலைப் பிள்ளைகள் வைக்கும். வண்டைப் பார்த்து எவனாவது பசைன்னு சொல்லுவானா?"

வீட்டுச் சட்டியில் மிச்சமிருந்த கரிமாவை எலியா உருட்டினான். பயத்தில் உருட்டியதால் ஒவ்வொன்றும் மாங்காய் அளவுக்கு வந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் கொம்பாக ஒரு துண்டு ஈர்க்கைக் குத்தினான். பனையோலைப் பெட்டியில் அடுக்கி, மூடியைப் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். வண்டு என்று பார்த்தவுடனே தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பாலத்துக்கு அக்கரையில் ஜீப் நின்றது. பெஞ்சில் ஏட்டுக்குப் பதிலாக டிஎஸ்பி உட்கார்ந்திருந்தார். ஏட்டு பின்னால் விறைப்பாக நின்றார். சுற்றிலும் துப்பாக்கிகள்.

எலியாவின் கால்கள் நடந்துபோய் டிஎஸ்பியின் முன்னால் பெட்டியை இறக்கி வைத்தன. அவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

டிஎஸ்பி கைத்தடியால் பெட்டியின் மூடியைத் தள்ளினார். உள்ளே கறுப்பாக, உருண்டையாக, ஒவ்வொன்றின் உச்சியிலும் திரி நீட்டிக்கொண்டு, வரிசையாக இருந்தன.

"போம்பு!" என்று அலறினார் டிஎஸ்பி.

அதற்குப் பிறகு நடந்ததை எலியாவால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. துப்பாக்கிகள் நாலு பக்கமும் ஓடின. டிஎஸ்பி ரோட்டோரச் சாக்கடைச் சாலுக்குள் குதித்தார். குண்டு என்றதும் எலியாவும் உயிர் தப்பினால் போதும் என்று அதே சாலுக்குள் குதித்தான். இரண்டு பேரும் சேற்றில் தலையோடு தலை சேர்த்துக் கிடந்தார்கள்.

"ஆருடெயாடா அது?" என்று கிசுகிசுத்தார் டிஎஸ்பி.

"என்னோடதாக்கும் ஏமானே," என்று அதேபோலக் கிசுகிசுத்தான் எலியா.

வேலாயுதன் ஏட்டு மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மெதுவாகப் பெட்டிக்குப் பக்கத்தில் போனார். ஒரு குண்டை எடுத்தார். எல்லாரும் காதைப் பொத்தினார்கள். ஏட்டு அதை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அமுக்கினார். குண்டு பப்படம் போல ஆயிற்று.

"மாவாணு சாறே," என்றார்.

டிஎஸ்பி சாலிலிருந்து ஏறி வந்தார். தொப்பியிலிருந்து சேறு சொட்டியது. பயந்துபோன பெரிய அதிகாரியைவிடப் பயங்கரமான ஒன்று கிடையாது. எலியாவைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

அவர் மலையாளத்தில் கேட்டதும் எலியா தமிழில் சொன்னதும் இவ்வளவுதான். இது என்ன? வண்டு. வண்டுக்குக் கால் எங்கே? பிள்ளைகள் வைக்கும். எந்தப் பிள்ளைகள்? என் பெண்டாட்டி டீச்சர், அவள் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் எங்கே? பின்னால் வரும். பொய். உண்மையாக்கும் ஏமானே. அப்படியானால் நீயே வைத்துக் காட்டு.

எலியா ரோட்டில் உட்கார்ந்தான். ஒரு வண்டை மடியில் வைத்து, ஈர்க்கை ஒடித்துக் காலாகக் குத்தினான். ஒன்று விழுந்தது. வேறொன்றைக் குத்தினான். சுற்றிலும் பூட்ஸ் கால்கள். அவற்றைப் பார்க்கப் பார்க்கக் கணக்குத் தவறியது. நிறுத்தினால் அடுத்தது ஜீப்தான் என்ற பயத்தில் நிறுத்தாமல் குத்திக்கொண்டே போனான்.

டிஎஸ்பி தடியின் நுனியால் கால்களை எண்ணினார். எட்டு இருந்தது.

"பூச்சிக்கு எத்ர காலு?" என்று கேட்டார். அவர் கல்லூரியில் ஜந்து சாஸ்திரம் படித்தவர். "டீச்சருடெ பர்த்தாவு! பூச்சிக்குக் காலெத்ரயெந்நு அறியில்ல! கள்ளன். வண்டியில் கேற்று!"

இரண்டு பேர் எலியாவின் தோளைப் பிடித்தார்கள். ஜீப்பின் பின்கதவு திறந்தது. உள்ளே தரையில் ஒரு கயிறு கிடந்தது. எலியாவுக்கு அந்தக் கயிற்றைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் பாலத்தின் மேல் ராஜபாய் வந்தாள். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி பின்னால் பாலர் வகுப்பு முழுவதும் வந்தது. துப்பாக்கிகளைக் கண்டதும் ராஜபாய் நின்றுவிட்டாள். பிள்ளைகள் நிற்கவில்லை. அவர்கள் பார்த்தது மாவை மட்டும்தான்.

"எலியா மாமா!" என்று கத்தியது சரோஜம். "இது வண்டு இல்ல! எட்டுக்காலியாக்கும்!"

"பயத்துல வைச்சது மக்களே," என்றான் எலியா அழுகிற குரலில்.

பிள்ளைகள் போலீஸ்காரர்களின் கால்களுக்கு நடுவில் புகுந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. ஒன்று அதிகப்படியான கால்களைப் பிடுங்கியது. ஒன்று முதுகைத் தடவி வழவழப்பாக்கியது. சரோஜம் ஒரு உருண்டையை எடுத்து, வேறு இடம் இல்லாததால், டிஎஸ்பியின் கையில் வைத்தது.

"நீங்க உறும்பு செய்யுங்க."

டிஎஸ்பி கையில் இருந்ததைப் பார்த்தார். எறியத்தான் நினைத்தார். ஆனால் மாவு இதமாக இருந்தது. விரல்கள் அவரைக் கேட்காமலே அமுக்கின. பிறகு உருட்டின. சுற்றி நின்ற துப்பாக்கிகள் வேறு பக்கம் பார்த்தன.

"இடுப்பு எங்கே?" என்றது சரோஜம். "உறும்புக்கு இடுப்பு வேணும். இது சீனிச் சாக்கு மாதிரி இருக்கு."

டிஎஸ்பி நடுவில் இரண்டு விரலை வைத்து இடுப்புக் கிள்ளினார். கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் தான் யார் என்பது நினைவுக்கு வந்தது. எறும்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார். போஸ்டரில் இருந்த கறுப்புக்கு என்ன பதில் என்று ஏட்டைப் பார்த்துக் கேட்டார்.

எலியா கண்ணை மூடிக்கொண்டான்.

ஏட்டு சல்யூட் அடித்தார். மூன்று நாளாக இந்த மாவைப் பரிசோதித்துவிட்டதாகவும், எண்ணெய் சேர்த்திருப்பதால் இது எந்த மதிலிலும் ஒட்டாது என்றும், போஸ்டரில் இருந்தது விளக்குக் கரி என்றும் மலையாளத்தில் சொன்னார். எலியா கண்ணைத் திறந்தான். பாலத்துச் சுவரில் செவ்வாய்க்கிழமை அப்பிய மஞ்சள் மாவு இன்னும் விழாமல் இருந்தது. எலியா அதை மறைத்துக்கொண்டு நின்றான்.

"இவனெ விட்டேக்கு," என்றார் டிஎஸ்பி. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நெய்யாற்றின்கரைப் பக்கம் போயிற்று. மற்ற போலீஸ்காரர்கள் சேறு கழுவ ஓடையில் இறங்கினார்கள். ராஜபாய் எலியாவின் தோளை ஒருதரம் அழுத்திவிட்டு, இன்ஸ்பெக்டரம்மா வந்திருப்பார்களே என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

எலியா பெட்டியை எடுக்கக் குனிந்தான். அதன்மேல் ஒரு பூட்ஸ் கால் வந்து நின்றது.

ஏட்டு வாழையிலையை விரித்தார். வழக்கம்போல வண்டுகளில் சரிபாதியை எடுத்து அடுக்கினார்.

செத்துப் பிழைத்தவனுக்குச் சில நேரம் தைரியம் வந்துவிடுகிறது. எலியாவுக்கும் வந்தது.

"ஏமானே, ஒட்டாதுன்னு நீங்கதானே இப்பச் சொன்னீங்க? பரிசோதனையும் முடிஞ்சாச்சு. பின்ன எதுக்கு எடுக்கியீங்க?"

கேட்ட பிறகுதான் தமிழில் கேட்டுவிட்டோம் என்பது உறைத்தது. அடிக்குத் தயாராகக் கன்னத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

அடி விழவில்லை. ஏட்டு ஓடைப் பக்கம் பார்த்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். நாரை இறுக்கிக் கட்டினார். பிறகு எலியாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, சுத்தமான விளவங்கோட்டுத் தமிழில் சொன்னார்:

"அண்ணே, நாளைக்குக் கொஞ்சம் கூடுதலா கிண்டிக் கொண்டு வாரும். நெய்யாற்றின்கரை வரைக்கும் ஒட்டணும்."